டிரைவில் ஷீட் காணோம், அவசரம்

நூல்கண்டு | செவ்வாய், காலை 9.42

வணக்கம்ங்க. காலைல இருந்து கூகுள் ஷீட் எதுவும் திறக்க மாட்டேங்குது. லிங்க்கை அமுக்கினா நீங்க கேட்ட ஃபைல் இல்லைன்னு வருது. ஆர்டர் ஸ்டேட்டஸ், சாம்பிள் அப்ரூவல், நூல் கணக்கு எல்லாம் அதுலதான் இருக்கு. வர்ற வாரம் ஷிப்மெண்ட். நெட் நல்லா இருக்கு, மூணு சிஸ்டத்துல பாத்தாச்சு. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

வலைப்பின்னல் | 9.51

சில விவரம் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. சாதா ஜிமெயிலா, சொந்த டொமைன் போட்டுக் காசு கட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸா? எல்லா ஷீட்டும் போச்சா, சிலது மட்டுமா? ஆபீஸில் எல்லாருக்கும் அப்படியா? அந்த ஷீட்டுகளுக்கு ஓனர் யார்? அட்மின் பக்கத்தில் சமீபத்தில் எதையாவது மாற்றினீர்களா?

கேஷ்_க்ளியர் | 9.58

ஒரே குரோமில் ரெண்டு மூணு ஜிமெயில் லாகின் ஆகியிருக்கும். லிங்க் தப்பான ஐடில திறக்கும். இன்காக்னிட்டோ விண்டோல கம்பெனி ஐடி மட்டும் போட்டுத் திறங்க. பத்துக்கு எட்டு பேருக்கு இதுதான் காரணம்.

வலைப்பின்னல் | 10.03

தப்பான ஐடியில் திறந்தால் 'அனுமதி கேளுங்கள்' என்று வரும். 'ஃபைல் இல்லை' என்று வருவது வேறு.

குறுக்குவழி | 10.07

அனாதை ஃபைலா இருக்கும். வேற ஒருத்தர் ஃபோல்டரை டெலீட் பண்ணினா, உள்ளே இருந்த உங்க ஃபைல் அழியாது, இடம் இல்லாம தொங்கும். டிரைவ் தேடல் பெட்டில 'ஈஸ்', முக்காற்புள்ளி, 'அன்ஆர்கனைஸ்டு', அப்புறம் 'ஓனர்', முக்காற்புள்ளி, 'மீ'ன்னு இங்கிலீஷ்ல அடிங்க. நடுவுல முக்காற்புள்ளிக்குப் பக்கத்துல இடைவெளி விடக் கூடாது.

நூல்கண்டு | 10.20

சொந்த டொமைன்தாங்க, ஸ்டார்ட்டர் பிளான். எல்லாருக்கும் காணோம். எல்லா ஷீட்டும் இல்லீங்க, ஒரு பையரோட (சரக்கு வாங்குறவர்) ஃபோல்டர் மட்டும். அனாதை தேடிப் பாத்தேன், ஒண்ணும் வரல. ஓனர் யாருன்னு சரியா தெரியல. முன்னாடி இருந்த மெர்ச்சண்டைசர் (ஆர்டர் பாத்துக்கிறவர்) போட்டதுன்னு நினைக்கிறேன். அவர் வேலைய விட்டுப் போயிட்டார்.

வலைப்பின்னல் | 10.24

அதுதான் விஷயம். அவர் ஐடியை என்ன செய்தீர்கள்? சஸ்பெண்டா, டெலீட்டா? எந்தத் தேதி? தேதி ரொம்ப முக்கியம், தோராயமாகச் சொல்லாதீர்கள்.

சர்வர்_ரூம் | மூத்த உறுப்பினர் | 10.31

டெலீட்தான், வேறென்ன. ஒரு யூசரை டெலீட் பண்ணும்போது 'இவருடைய டிரைவ் ஃபைல்களை யாருக்கு மாத்தட்டும்'னு அந்தப் பெட்டியிலேயே கேக்கும். அதைப் படிக்காம அடுத்ததை அமுக்குறவங்க கையில சூப்பர் அட்மின் பாஸ்வேர்டு இருக்கவே கூடாது. இதை எத்தனை இழைல எழுதிட்டேன்! தேடிப் படிச்சிட்டு கேள்வி போடுங்க.

நூல்கண்டு | 10.50

டெலீட்தாங்க. போன மாசம் 31ஆம் தேதி சாயங்காலம். செலவைக் குறைக்கச் சொன்னாங்கன்னு வேலைய விட்ட மூணு பேர் ஐடிய எடுத்தோம். 14 இருந்தது 11 ஆச்சு. அந்த பையர் ஆர்டர் இப்பத்தான் திரும்ப ஓடுது, அதான் இத்தனை நாளா யாரும் திறக்கல. அவருக்கு வர்ற மெயில் நிக்கக் கூடாதுன்னு அவர் ஐடிய இப்ப இருக்கிற மெர்ச்சண்டைசருக்கு அலியாஸா, அதாவது கூடுதல் முகவரியா போட்டிருக்கு. ஃபைல் போனது போனதுதானா?

வலைப்பின்னல் | 11.05

போகவில்லை. டெலீட் செய்த ஐடியை 20 நாளுக்குள் மீட்கலாம். இன்று 17. உங்களுக்கு 20ஆம் தேதி வரை இருக்கிறது, ஆனால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள், இன்றே செய்யுங்கள். வரிசை மாறாமல் செய்வது முக்கியம்.

முதலில் அந்த அலியாஸை எடுக்க வேண்டும். ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால் மீட்கும்போது அது இடிக்கும். அட்மின் கன்சோலில் டைரக்டரி, அதில் யூசர்ஸ், இப்போதைய மெர்ச்சண்டைசர் பெயரைத் திறந்து மாற்று முகவரிகளில் அதை நீக்குங்கள். நீக்கியதற்கும் ஐடி மீண்டதற்கும் இடையில் அந்த முகவரிக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அதனால் பையர் மெயில் வராத நேரமாகப் பாருங்கள். ஐரோப்பா பையர் என்றால் நம் காலை நேரம் சரி.

அடுத்து அதே யூசர்ஸ் பக்கத்தில் ஃபில்டரை 'ரீசன்ட்லி டெலீட்டட்' என்று மாற்றினால் மூன்று பேரும் தெரிவார்கள். 'ரெகவர்' கொடுங்கள். இதற்கு சூப்பர் அட்மின் உரிமை வேண்டும், லைசென்ஸும் ஒன்று காலியாக இருக்க வேண்டும். ஐடி உடனே வந்தாலும் உள்ளே இருப்பது முழுதாகத் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பதற்றத்தில் மறுபடி எதையும் அழிக்காதீர்கள்.

மீண்டதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பழைய ஆளிடம் பழைய பாஸ்வேர்டு இருக்கும். பிறகு ஆப்ஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ், டிரைவ் அண்ட் டாக்ஸ், அதற்குள் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்'. யாரிடமிருந்து, யாருக்கு என்று இரண்டு முகவரி கேட்கும். தனி ஆளுக்குக் கொடுக்காமல், ஆள் மாறினாலும் மாறாத ஆபீஸ் ஐடி ஒன்றுக்குக் கொடுங்கள். அந்த ஐடியின் டிரைவில் பழைய ஓனர் பெயரில் ஒரு ஃபோல்டராக வந்து நிற்கும். லிங்க் மாறாது, ஏற்கெனவே பகிர்ந்தவர்களுக்கும் அப்படியே திறக்கும்.

மெயில் இதில் சேராது. மீட்ட ஐடியில் லாகின் செய்து டேக்அவுட் (கூகுளில் இருப்பதை இறக்கிக்கொள்ளும் வசதி) வழியாக ஜிமெயிலை மட்டும் எம்பாக்ஸ் ஃபைலாக இறக்கி வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மறுபடி டெலீட், மறுபடி அலியாஸ். மற்ற இரண்டு ஐடிக்கும் இதையே செய்யுங்கள். அவர்களிடம் என்ன இருந்தது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

ஐடி_கணக்கு | 11.18

நூல்கண்டு, உங்க பிளான் ஃப்ளெக்ஸிபிளா, ஆனுவலா? ஆனுவல்னா நீங்க மூணு ஐடி டெலீட் பண்ணினதுல ஒத்த ரூபாய் மிச்சம் ஆகல. ஆனுவலில் வருஷத்துக்கு இத்தனை லைசென்ஸ்னு ஒத்துக்கிட்டு வாங்குறீங்க. நடுவுல கூட்டலாம், குறைக்க முடியாது. ரினியூவல் தேதிலதான் 14ஐ 11 ஆக்க முடியும். ஃப்ளெக்ஸிபிளில் ஆளுக்கு ரேட் கூட, ஆனா எடுத்த மாசமே பில் குறையும். சஸ்பெண்ட் பண்ணினாலும் முழுக் காசுதான், அதுல நிறைய பேர் ஏமாறுறாங்க.

ரீசெல்லர் வழியா வாங்கியிருந்தா இது எதுவும் உங்க கன்சோலில் தெரியாது, அவர்கிட்டதான் கேக்கணும். ரினியூவல் தேதியையும் எழுதி வாங்குங்க, பல இடத்துல அது தானா 14க்கே புதுப்பிச்சிடும்.

ஆனுவலா இருந்தா இப்போதைக்கு ஒரு நன்மை. மூணு லைசென்ஸ் காலியா கிடக்கும், மீட்க புதுசா வாங்க வேண்டாம்.

உண்மையிலேயே குறைக்கணும்னா ஆள் இல்லாத ஐடிகளைப் பாருங்க. இன்ஃபோ, அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ்னு தனித்தனி யூசரா வச்சிருந்தா ஒவ்வொண்ணுக்கும் காசு. ஒருத்தரே பாக்குறதுன்னா அலியாஸ் போதும், ஒரு யூசருக்கு 30 வரை இலவசம். ரெண்டு மூணு பேர் பாக்குறதுன்னா கூகுள் குரூப் போடுங்க, அதுக்கும் லைசென்ஸ் கிடையாது. வெளியாள் அனுப்புற மெயில் வர குரூப் செட்டிங்கில் 'யார் வேணும்னாலும் போஸ்ட் பண்ணலாம்'னு மாத்தணும், அதை விட்டா பையர் மெயில் திரும்பிடும். பில்லில் உங்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னும் பாருங்க. 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டா (கட்ட வேண்டிய வரியில கழிக்கிறது) எடுக்காம விடுற கம்பெனி நிறைய.

சர்வர்_ரூம் | மூத்த உறுப்பினர் | 11.40

மீட்கிறது இருக்கட்டும். மூலக் கோளாறு கம்பெனி டேட்டா மொத்தத்தையும் வாடகை வீட்டுல, அதான் கூகுள்ல வச்சது. ரெண்டு டிஸ்க் போடுற நாஸ் (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) ஒண்ணு வாங்கி ஆபீஸ்லயே வைங்க. ஒரு தடவை செலவு, மாசா மாசம் ஆளுக்குக் காசு கிடையாது. ஃபைலுக்கு ஓனர் கம்பெனி, போன மெர்ச்சண்டைசர் இல்லை.

தென்காசி_மேகம் | 11.52

ஓனர் கம்பெனியா இருக்க நாஸ் எதுக்கு? ஸோஹோ வொர்க்டிரைவில் டீம் ஃபோல்டர்னு உண்டு. அதுல போடுற ஃபைல் டீமுக்குச் சொந்தம், ஆள் போனாலும் ஃபைல் நிக்கும். மெயிலும் ஸோஹோல ஐந்து பேர் வரைக்கும் இலவசம், ஆளுக்கு 5 ஜிபி.

ஐடி_கணக்கு | 11.57

அவங்க 11 பேர், ஐந்துல அடங்காது. இலவசத்தில் ஐமேப்பும் இல்லை, அவுட்லுக்கில் இழுக்கிற அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு ஆகாது. டீம் ஃபோல்டர் விஷயம் சரிதான். கூகுளில் அதுக்குச் சமம் ஷேர்டு டிரைவ், ஆனா உங்க பிளான்ல அது இருக்கான்னு பாத்துக்கணும்.

அஞ்சல்பெட்டி | 12.10

ஆள் போற வரத்து அதிகம் இருக்கிற இடத்துக்கு மைக்ரோசாஃப்ட் 365 பாருங்க. போனவர் மெயில்பாக்ஸை ஷேர்டு மெயில்பாக்ஸா மாத்திட்டு லைசென்ஸை எடுத்துடலாம். 50 ஜிபிக்குள்ள இருந்தா காசே கிடையாது, பழைய மெயில் அத்தனையும் அப்படியே இருக்கும். டெலீட் பண்ணின யூசரை மீட்க 30 நாள் உண்டு.

குறுக்குவழி | 12.16

11 பேர் பழகின ஷீட், ஃபார்முலா எல்லாத்தையும் போன மூணு பேர் மெயிலுக்காக எக்ஸெலுக்கு மாத்தணுமா? மாத்துற ஒரு மாசம் வேலை கெடுறதைக் கணக்குல சேருங்க.

சர்வர்_ரூம் | மூத்த உறுப்பினர் | 12.25

எல்லாரும் வாடகை வீட்டைத்தான் மாத்துறீங்க. நான் சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லல.

வலைப்பின்னல் | 12.44

சொல்கிறேன். ரெண்டு டிஸ்க் நாஸ் சுமார் 25 வாட் இழுக்கும், மாதம் 18 யூனிட், அது பெரிதில்லை. ஆனால் யுபிஎஸ் வேண்டும், ரெய்டு (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை எழுதுவது) இருந்தாலும் தனியாக ஒரு பேக்கப் டிஸ்க் வேண்டும். ஒருவர் தவறுதலாக ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அந்த அழிப்பை இரண்டு டிஸ்க்கிலும் ஒழுங்காகச் செய்துவிடும். வீட்டிலிருந்து திறக்க வேண்டும் என்று ரௌட்டரில் போர்ட்டைத் திறந்து விட்டால் ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வருவது அந்த வழியாகத்தான். இதையெல்லாம் பார்க்க ஒரு ஆள் இருக்கும் இடத்தில் நாஸ் நல்ல யோசனை. 11 பேர் ஆபீஸில் அந்த ஆள் யார்?

அதே சமயம் சர்வர்_ரூமின் கவலையில் ஒன்று முழு உண்மை: டிரைவில் இருப்பது பேக்கப் ஆகாது. மாதம் ஒரு முறை ஆபீஸ் ஐடியிலிருந்து டேக்அவுட் எடுத்து வெளி டிஸ்க்கில் போடுவது ஸ்டார்ட்டர் பிளானுக்குப் போதும்.

சர்வர்_ரூம் | மூத்த உறுப்பினர் | 12.50

போர்ட் திறக்கச் சொன்னது யாரு? விபிஎன் (வெளியே இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டின தனி வழி) போடணும். அடிப்படை அது.

பேரேடு | 13.20

ஒரு சேர்க்கை. டேட்டாவைக் குறைக்கிறோம் என்று பழைய மெயிலை அழித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டம் 36ஆவது பிரிவின்படி கணக்கையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பி.ஓ.வும் (பர்ச்சேஸ் ஆர்டர்) இன்வாய்ஸும் மெயில் இணைப்பாக மட்டுமே இருக்கும் இடங்கள் ஏராளம். பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டா ஃபோல்டரை டிரைவ் சின்க்கில் மட்டும் வைக்காதீர்கள். டாலி எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை சின்க் பாதியில் தூக்கும், இரண்டு சிஸ்டத்தில் திறந்திருந்தால் டேட்டா கெடும். டாலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் ஃபைலை மட்டும் டிரைவில் போடுங்கள்.

நூல்கண்டு | புதன், காலை 8.15

மூணு ஐடியும் வந்துருச்சுங்க, ஷீட்டும் வந்துருச்சு. ரொம்ப நன்றி. ஆனுவல் பிளான்தானாம், ரினியூவல் ஜனவரில. நூல் கணக்கு ஷீட்ல மட்டும் ரெஃப் எரரா வருது. தினமும் காலைல தானா போற ஸ்டேட்டஸ் மெயிலும் போகல.

வலைப்பின்னல் | 8.40

நல்லது. ரெஃப் எரர் வரும் செல்லில் இம்போர்ட்ரேஞ்ச் ஃபார்முலா இருக்கும். வேறு ஷீட்டிலிருந்து இழுக்க ஒருவர் ஒரு முறை அனுமதி கொடுத்திருப்பார். அவருக்கு மூல ஷீட்டில் இடம் இல்லாமல் போனால் அந்த அனுமதியும் அறுந்துவிடும். மூல ஷீட்டைத் திறக்க முடிகிற ஒருவர் அந்த செல் மேல் மவுஸை வைத்து 'அலவ் அக்சஸ்' அமுக்கினால் போதும். ஃபார்முலாவைத் தொடாதீர்கள்.

காலை மெயில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டோடு சேர்ந்த சின்ன புரோகிராம்) டிரிகரில், அதாவது நேரம் வந்தால் அதைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டில் ஓடியிருக்கும். டிரிகர் அதை உண்டாக்கியவர் பெயரில் ஓடுவது, ஷீட்டின் ஓனர் மாறினாலும் கூட வராது. ஆபீஸ் ஐடியில் லாகின் செய்து, எக்ஸ்டென்ஷன்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், இடப்பக்கம் கடிகாரப் படம், அங்கே அதே ஃபங்ஷனுக்குப் புதிதாக டிரிகர் போடுங்கள். பழைய ஐடியில் இருப்பதையும் நீக்குங்கள், இல்லாவிட்டால் பையருக்கு ஒரே மெயில் இரண்டு முறை போகலாம்.

இன்னொன்று. ஆபீஸ் ஐடியின் ஃபோல்டருக்குள் போட்டால் ஃபைல் ஆபீஸுக்குச் சொந்தம் என்று நினைக்காதீர்கள். ஃபோல்டர் யாருடையதாக இருந்தாலும் ஃபைலுக்கு ஓனர் அதை உண்டாக்கியவர்தான். ஷேர்டு டிரைவ் இல்லாத பிளானில், புது ஆர்டருக்கு ஷீட் தொடங்குவதை ஆபீஸ் ஐடியிலிருந்தே செய்து மற்றவர்களுக்கு எடிட் உரிமை கொடுங்கள்.

பாவு_ஊடை | வியாழன், இரவு 9.05

இதே பிரச்சனை எனக்கும் சார். ஆனா டெலீட் பண்ணி 26 நாள் ஆச்சு. ரெகவர் பட்டியல்ல பேரே இல்ல. வேற வழி?

வலைப்பின்னல் | 9.30

20 நாள் தாண்டினால் கன்சோலில் எதுவும் செய்ய முடியாது. பிரதிகளைத் தேடுங்கள். யாராவது அந்த ஷீட்டை 'மேக் எ காப்பி' செய்திருந்தால் அது அவர் பெயரில் உயிரோடு இருக்கும், டிரைவில் 'காப்பி ஆஃப்' என்று தேடச் சொல்லுங்கள். அடுத்து எல்லாருடைய சென்ட் மெயிலிலும் எக்ஸெல், பிடிஎஃப் இணைப்புகள். பையருக்கு அனுப்பியது பையரிடம் இருக்கும், கேட்டால் தருவார்கள். எல்லா சிஸ்டத்திலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். பேக்கிங் லிஸ்ட், நூல் கணக்கு மாதிரி அடிக்கடி பிரிண்ட் எடுப்பவை பெரும்பாலும் அங்கே பிடிஎஃபாகக் கிடைக்கும். எந்த பையர், எந்த மாதம் என்று எழுதுங்கள், தேடும் வரிசையைச் சொல்கிறேன்.