மயக்க மருந்து ஒவ்வாமை இருப்பதாகச் சொல்லப்பட்ட பின் மார்பகச் சீரமைப்பு: எங்கள் அனுபவங்கள்

முதல் பகிர்வு, திருச்சி

தோழிகளுக்கு வணக்கம். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒருமுறை எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள் மார்பில் சிலிக்கோன் வைத்துக்கொள்ள முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2011-இல், என் 33-ஆம் வயதில், பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் படுத்தேன். கண் விழித்தது தீவிர சிகிச்சைப் பிரிவில். மயக்கம் கொடுக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே உடம்பெங்கும் தடித்து, முகம் வீங்கி, ரத்த அழுத்தம் சரிந்ததாகவும், அட்ரினலின் ஏற்றி மீட்டதாகவும் என் கணவரிடம் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் "அனஸ்தீசியா அலர்ஜி" என்ற இரண்டு சொற்கள்தாம் இருந்தன. எந்த மருந்து என்று எழுதவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த இரண்டு சொற்களுக்குப் பயந்தே 12 ஆண்டுகள் கழிந்தன. கடைவாய்ப்பல் பிடுங்கப் போன இடத்தில்கூட மரத்துப்போகும் ஊசி போட மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

2023-இல் வலது மார்பில் புற்றுக்கட்டி இருப்பது உறுதியானது. மார்பை அகற்றும்போதே தோலுக்கு அடியில் ஒரு விரிப்பான் பையை வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலை மெல்ல விரித்து, பிறகு அதை எடுத்துவிட்டு நிரந்தரமான சிலிக்கோன் பையை வைப்பதாக அறுவை மருத்துவர் விளக்கினார். அப்படியானால் இரண்டு முறை முழு மயக்கம் வேண்டும். வயிற்றுச் சதையை எடுத்து மார்பு அமைக்கும் முறைக்கோ அதைவிட நீண்ட நேர மயக்கம் தேவை. சீரமைப்பே வேண்டாம், உயிர் பிழைத்தால் போதும் என்று அன்று நான் அழுதது நினைவிருக்கிறது.

மயக்கவியல் மருத்துவர் என்னைப் பரிசோதிப்பதற்கு முன்பாகவே, "அம்மா, 2011-இல் எழுதிய மயக்கக் குறிப்புத்தாள் கிடைக்குமா?" என்று கேட்டார். என் கணவர் பழைய மருத்துவமனையின் பதிவறையில் இரண்டு நாள் நின்று அதன் நகலை வாங்கி வந்தார். கட்டம் போட்ட தாளில் ரத்த அழுத்தத்தைச் சிறு சிறு அம்புக்குறிகளாகப் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் அந்தக் குறிகள் சட்டென்று கீழே இறங்கியிருந்தன. மருத்துவர் அந்த இடத்தில் விரலை வைத்து, அதற்கு முந்தைய பத்து நிமிடங்களை எனக்குப் படித்துக் காட்டினார்: செஃபசோலின், ஃபென்டனில், புரோபோஃபால், தசையைத் தளர்த்தும் அட்ராக்யூரியம். அதில் முதலாவது மயக்க மருந்தே அன்று; புண் சீழ் பிடிக்காமலிருக்கக் கொடுக்கும் ஆன்டிபயாடிக். பிரிட்டனில் 2018-இல் வெளியான தேசியத் தணிக்கையின்படி, அறுவை மேசையில் நேரும் கடும் ஒவ்வாமைகளில் கிட்டத்தட்டப் பாதிக்குக் காரணம் ஆன்டிபயாடிக் மருந்துகள் என்றும், தசையைத் தளர்த்தும் மருந்துகள் அதற்கு அடுத்த இடத்தில் இருக்கின்றன என்றும் அவர் சொன்னபோதுதான், இத்தனை ஆண்டுகளாக நான் தவறான பெயருக்குப் பயந்திருக்கலாம் என்று தோன்றியது.

அரிப்பு மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்திவிட்டு ஒவ்வாமைச் சோதனைக்குப் போனேன். முன்கையில் பேனாவால் வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தைச் சொட்டுவிட்டுக் குத்தினார்கள். அந்தச் சுற்றில் தெளிவாக எதுவும் எழும்பவில்லை. பிறகு நீர்த்த மருந்தைத் தோலுக்குள் செலுத்தினார்கள். இருபது நிமிடத்தில் செஃபசோலின் வட்டம் மட்டும் கொசு கடித்தாற்போல் எழும்பிச் சிவந்தது. ஆண்டுகள் கடந்தால் இந்தச் சோதனையின் கூர்மை குறையலாம் என்பதால், மற்ற மருந்துகளுக்குத் தோல் பேசாமல் இருந்ததை மட்டும் நம்பிவிட முடியாது என்றும் எச்சரித்தார்கள். ஆகவே அறுவையன்று தசை தளர்த்தும் மருந்தையே தவிர்த்தார் மயக்கவியல் மருத்துவர். முதுகெலும்பின் ஓரமாக நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியைப் போட்டு, புரோபோஃபாலில் தூங்க வைத்தார். ஆன்டிபயாடிக்காக வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதை வேகமாக ஏற்றினால் உடம்பு சிவக்கும். அந்தச் சிவப்பு இன்னொரு "அலர்ஜி" என்று என் கோப்பில் ஏறிவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தப் பகிர்வையே தொடங்கினேன். சிலிக்கோன் பையை வைக்கும் முன்பு அந்தக் குழியைப் பல அறுவை மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் கலந்த நீரால் கழுவுவார்கள். என் கைப்பட்டையில் செஃபசோலின் கூடாது என்று எழுதியிருந்தும், முந்தைய நாள் மாலை வார்டு சிஸ்டர் கொண்டுவந்த மருந்துப் பட்டியலின் கடைசி வரியில், கழுவுவதற்காக அதே செஃபசோலின் 1 கிராம் இருந்தது. நரம்பில் ஏற்றுவதை மாற்றியவர்கள் கழுவும் நீரை மறந்துவிட்டார்கள். சிஸ்டர் உடனே தொலைபேசியில் சொல்ல, அது போவிடோன் அயோடினாக மாற்றப்பட்டது. "உள்ளே கழுவும் நீரில் என்ன கலப்பீர்கள்?" என்று தயவுசெய்து வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது அறுவை ஏழு மாதம் கழித்து, எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தது.

இரண்டாவது பகிர்வு, ஈரோடு

அக்கா, எனக்கும் "மயக்க மருந்து சேராது" என்றுதான் சொல்லியிருந்தார்கள், ஆனால் என் கதை வேறு. தலைப்பிரசவச் சிசேரியனில் ஸ்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தைப் போட்டார்கள். பிறருக்குப் பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிடும் அது, எனக்கு நான்கு மணி நேரம் இறங்கவில்லை. அதுவரை மூச்சுக்கருவியில் இருந்தேன். தடிப்போ வீக்கமோ இல்லை. இடது மார்பை எடுத்துச் சிலிக்கோன் வைக்க வேண்டியிருந்தபோது வந்த மயக்கவியல் மருத்துவர், முதலில் நாங்கள் எந்தச் சமூகம் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆரிய வைசியர் என்று சொன்னதும் அவர் காரணத்தை விளக்கினார்: ஸ்கோலினைச் சிதைக்கும் சூடோகொலினெஸ்டரேஸ் என்ற நொதி எங்கள் சமூகத்தில் பலருக்குப் பிறவியிலேயே குறைவாம். ரத்தப் பரிசோதனையில் எனக்கு அது அநேகமாக இல்லை என்றே வந்தது. இது ஒவ்வாமையே அன்று. அந்த ஒரு மருந்தையும் அதே நொதியால் சிதையும் மற்றொன்றையும் விலக்கி, மற்ற எல்லாம் வழக்கம்போல் கொடுத்தார்கள். தம்பிக்கும் என் மகளுக்கும் பரிசோதனை செய்துவிட்டோம், மகளுக்கும் குறைவு. அவள் பள்ளிப் பையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது பகிர்வு, கோயம்புத்தூர்

எனக்கு 26 வயது. பிறவியிலேயே ஒரு பக்க மார்பு வளரவில்லை என்பதால் சிலிக்கோன் வைக்கப் போனேன். மயக்கம் கொடுத்து அரை மணி நேரம் ஆன பிறகு, சிறுநீர்க் குழாய் போட்டதைத் தொடர்ந்து ரத்த அழுத்தம் இறங்கி, அறுவையை நிறுத்தினார்கள். நடந்தது ஒவ்வாமைதானா என்று அறிய உதவும் டிரிப்டேஸ் பரிசோதனைக்கு அன்றே ரத்தம் எடுத்துவைத்தது பிறகு பெரிதும் உதவியது. ஆறு வாரம் கழித்துச் செய்த சோதனையில், குழாய்க்குத் தடவிய ஜெல்லில் இருந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிதான் காரணம் என்று தெரிந்தது. பல் மருத்துவர் கொடுத்த வாய் கொப்பளிக்கும் மருந்தால் முன்பொருமுறை உதடு வீங்கியதை அப்போதுதான் அம்மா நினைவுபடுத்தினார். அதிலும் அதேதான் இருந்திருக்கிறது. அடுத்த முறை தோலைத் துடைத்த மருந்து முதல் குழாய் ஜெல் வரை எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். மயக்க மருந்துகளில் எதையும் மாற்றவில்லை. மூன்று மணி நேரத்தில் விழித்துக்கொண்டு அம்மாவிடம் காபி கேட்டேன்.