67 வேண்டிய இடத்தில் 71 இருந்தும் அழைப்பு வரவில்லை, ப்ரொஃபைலில் 375 காட்டுகிறது. எங்கே இடிக்கிறது?

கேட்டவர்: ஆற்றுமணல்

வணக்கம். கனடா பி.ஆர்.-க்காக (நிரந்தர வசிப்புரிமை) எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற இணையவழி விண்ணப்ப முறையில் ப்ரொஃபைல் போட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன. போடுவதற்கு முன் தகுதிப் பட்டியலை வைத்துக் கணக்குப் பார்த்தேன். மொழி 23, படிப்பு 23, வயது 12, அனுபவம் 13, மொத்தம் 71. தேவை 67தானே, அழைப்பு வந்துவிடும் என்று நானும் கணவரும் நம்பியிருந்தோம். அழைப்பு அனுப்ப அவ்வப்போது ஆள் எடுக்கும் ஒவ்வொரு டிராவும் எங்களைத் தாண்டிப் போகிறது. ப்ரொஃபைலைத் திறந்தால் மதிப்பெண் 375 என்று இருக்கிறது. எதையாவது தவறாக நிரப்பிவிட்டேனா?

என் விவரம்: வயது 31, சில மாதங்களில் 32 ஆகும். முதுகலைப் பட்டம், அதைக் கனடா படிப்போடு ஒப்பிட்டுத் தரும் ஈ.சி.ஏ. சான்றும் வாங்கியாயிற்று. கணக்காளராக நான்கு வருடம் முழுநேர வேலை, எல்லாம் கனடாவுக்கு வெளியே. ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வில்: லிசனிங் 8, ரீடிங் 7.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. கணவருக்கு 33, பி.இ., ஆறு வருட அனுபவம். அவர் இன்னும் எந்தத் தேர்வும் எழுதவில்லை, ஈ.சி.ஏ.-வும் இல்லை.

இன்னொன்று. ஒரு ஏஜென்ட், கனடாவில் ஒரு நிறுவனத்திடம் ஜாப் ஆஃபர் வாங்கித் தருகிறேன், அதற்கு 50 புள்ளி கிடைக்கும் என்று பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: நெடுவழி

முதலில் கடைசிக் கேள்விக்கு. கொடுக்காதீர்கள் சகோதரி. ஜாப் ஆஃபருக்கு 50, உயர் நிர்வாகப் பதவி என்றால் 200 என்று முன்பு சி.ஆர்.எஸ்.-இல் (ப்ரொஃபைலில் காட்டும் அந்த மதிப்பெண்ணில்) புள்ளி இருந்தது உண்மை. 2025 மார்ச் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். காசுக்கு ஆஃபர் விற்கும் வியாபாரம் பெருகியதும் எடுத்ததற்கு ஒரு காரணம். இல்லாத புள்ளியை அவர் உங்களிடம் விற்கப் பார்க்கிறார். போலி ஆஃபர் என்று பிடிபட்டால் பொய்த் தகவல் கொடுத்ததாக ஐந்து வருடத் தடை வேறு விழும்.

இனி 71-க்கும் 375-க்கும் வருவோம். நீங்கள் எதையும் தவறாக நிரப்பவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு. 67 என்பது நூற்றுக்கு. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் நுழையத் தகுதி உண்டா இல்லையா என்பதை மட்டும் அது சொல்லும். 67 எடுத்தவரும் 90 எடுத்தவரும் அந்த வாசலைத் தாண்டியதும் சமம். உள்ளே போனதும் சி.ஆர்.எஸ். என்ற வேறொரு மதிப்பெண் போடுகிறார்கள். அது 1200-க்கு. அதில் பாஸ் மார்க் என்று எதுவுமே கிடையாது, ரேங்க் மட்டும்தான். டிரா அன்று மேலிருந்து எண்ணி இத்தனை பேர் என்று எடுப்பார்கள், கடைசி ஆளின் மதிப்பெண்தான் கட் ஆஃப்.

அதனால் கட் ஆஃப் உங்களை மட்டும் பொறுத்ததில்லை. 2021 பிப்ரவரி 13 அன்று, கனடாவில் வேலை அனுபவம் உள்ளவர்களுக்காக ஒரே டிராவில் 27,332 பேரை அழைத்தார்கள். கட் ஆஃப் 75-க்கு இறங்கியது. எழுபத்தைந்தேதான், எழுத்துப் பிழை இல்லை. 2022 ஜூலை 6 அன்று, நீண்ட இடைவெளிக்குப் பிறகு எல்லாப் பிரிவுக்கும் டிரா வைத்தபோது அழைத்தது 1,500 பேரை, கட் ஆஃப் 557. ஒன்றரை வருடத்தில் மனிதர்களின் திறமை இப்படியா மாறும்? எத்தனை பேரை எடுக்கிறார்கள், அப்போது பூலில், அதாவது ப்ரொஃபைல் போட்டவர்களின் கூட்டத்தில், யார் காத்திருக்கிறார்கள் என்பதுதான் மாறியது.

பதில்: குயில்மொழி

அண்ணா சொன்னது சரி. நான் உங்கள் 375-ஐப் பிரித்துப் பார்த்தேன். ப்ரொஃபைலில் துணையோடு வருவதாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

வயது 31-க்கு 90. முதுகலைக்கு 126. மொழியில் மூன்று பகுதிகள் சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9, தலா 29. ரைட்டிங் 6.5 என்பது சி.எல்.பி. 8, அதற்கு 22. ஆக மொழிக்கு 109. இதுவரை 325. கணவருக்கு ஈ.சி.ஏ.-வும் இல்லை, மொழித் தேர்வும் இல்லை, அதனால் அவருக்கு ஒதுக்கியிருக்கும் 40 புள்ளியில் ஒன்றுகூட வரவில்லை. பிறகு ஸ்கில் டிரான்ஸ்ஃபரபிலிட்டி என்று ஒரு பகுதி. படிப்பு மொழியோடு சேர்ந்து 25, வெளிநாட்டு அனுபவம் மொழியோடு சேர்ந்து 25. மொத்தம் 375. கணக்கு இம்மி பிசகவில்லை.

இப்போது கவனியுங்கள், விஷயமே அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. நான்கு பகுதியிலும் சி.எல்.பி. 9 வந்தால்தான் அந்த 25 ஒவ்வொன்றும் 50 ஆகும். ஒரே ஒரு பகுதி 8-இல் நின்றாலும் பாதிதான். மூன்றில் நீங்கள் ஏற்கெனவே 9. ரைட்டிங் ஒன்றுதான் பிடித்து இழுக்கிறது. அது 6.5-இலிருந்து 7 ஆனால் மொழிக்கு 7 கூடும், டிரான்ஸ்ஃபரபிலிட்டியில் 50 கூடும். அரை பேண்டுக்கு 57 புள்ளி! 375 அப்படியே 432. இன்னொரு பட்டம் படித்தாலும், இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்தாலும் உங்களுக்கு இவ்வளவு ஏறாது. வெளிநாட்டு அனுபவம் மூன்று வருடத்தோடு உச்சத்தைத் தொட்டுவிட்டது, அதற்குமேல் ஒரு புள்ளியும் இல்லை.

இந்த அமைப்பில் எனக்கு ஒப்பாத இடமும் இதுதான். ஒரு கட்டுரையை ஒரு தேர்வாளர் 6.5 என்பதும் 7 என்பதும் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது. அதன் மேல் இத்தனை புள்ளியை ஏற்றி வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி அப்படி இருக்கும்போது உழைப்பை அங்கே போடுவதுதான் நமக்கு நல்லது.

ஆற்றுமணல்:

அக்கா, இதை யாருமே எனக்கு இப்படிச் சொல்லவில்லை. ரைட்டிங்கில் அரை மார்க் குறைந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மிக்க நன்றி. மறுமதிப்பீடு கேட்கலாமா, திரும்ப எழுதலாமா?

அப்புறம், கணவரை உடன் வராதவர் என்று போட்டால் புள்ளி கூடும் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

பதில்: குயில்மொழி

தேர்வு எழுதி ஆறு வாரத்துக்குள் என்றால் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டியிருக்கும், திரும்ப எழுதுவதுதான் வழி. ரைட்டிங்கில் இரண்டாவது பகுதியான கட்டுரைக்கு, முதல் பகுதியான கடிதத்தைவிட இரண்டு மடங்கு எடை. பலர் கடிதத்தில் நேரத்தைக் கரைத்துவிட்டுக் கட்டுரையை அவசரமாக முடிக்கிறார்கள். கட்டுரைக்கு முழுசாக நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். கேள்வியில் இரண்டு பாகம் இருந்தால் இரண்டுக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். 6.5-இல் நிற்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நழுவுகிறார்கள். ஐஇஎல்டிஎஸ் ஒத்துவரவில்லை என்றால் செல்பிப், பி.டி.இ. கோர் இரண்டையும் ஏற்கிறார்கள். ஆனால் ஒரு தேர்வின் ரைட்டிங்கை இன்னொரு தேர்வின் மற்ற மதிப்பெண்களோடு கலக்க முடியாது, நான்கும் ஒரே தேர்வில் வர வேண்டும்.

பதில்: நெடுவழி

கணவர் விஷயத்தை நான் சொல்கிறேன். தனி நபருக்கான பட்டியலில் புள்ளி கூடுதல் என்பது உண்மை. ரைட்டிங் 7 வந்துவிட்டது என்றே வைத்துப் பார்ப்போம். தனியாக என்றால் வயது 99, படிப்பு 135, மொழி 124, டிரான்ஸ்ஃபரபிலிட்டி 100, ஆக 458. துணையோடு 432. இதைப் பார்த்துத்தான் அந்த யோசனையைச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் கணவரும் தேர்வு எழுதினால்? நான்கிலும் சி.எல்.பி. 9 எடுத்தால் 20, பி.இ.-க்கு ஈ.சி.ஏ. வாங்கினால் 8. 432 உடன் 28 சேர்ந்து 460. தனியாகப் போவதைவிட இரண்டு அதிகம், குடும்பமும் சேர்ந்தே போகலாம். அவர் சி.எல்.பி. 7 அளவில் நின்றாலும் 12 கிடைக்கும், ஈ.சி.ஏ.-வின் 8-ஐயும் சேர்த்து 452 வரும். ஆறு புள்ளிக்காகக் கணவரை விட்டுவிட்டுப் போய், அங்கிருந்து ஸ்பான்சர் செய்து மறுபடி காத்திருப்பதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியே அந்த வழியில் போனாலும் கணவர் பெயரைக் கட்டாயம் காட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். சிலர் திருமணத்தையே மறைத்துவிடுகிறார்கள். மறைக்கப்பட்டுப் பரிசோதனைக்கு வராத துணையைப் பிற்பாடு குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய விதியே தடையாக நிற்கும். ஒரு குடும்பத்தையே உடைக்கக்கூடிய தவறு அது.

கணவரை முதன்மை விண்ணப்பதாரராக மாற்றியும், இருவருக்கும் நான்கிலும் சி.எல்.பி. 9 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 33 வயதுக்கு 80, இளநிலைக்கு 112, மொழி 116, டிரான்ஸ்ஃபரபிலிட்டி 75, உங்களால் 30. மொத்தம் 413. நீங்கள் முதன்மையாக இருப்பதுதான் மேல்.

பதில்: பனிக்காடு

மேலே எல்லாரும் புள்ளிக் கணக்கு சொல்லிவிட்டார்கள். 460 வந்தால் போதுமா என்று யாரும் சொல்லவில்லை. வருத்தமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: இப்போதைய நிலவரத்தில் அது மட்டும் போதாது. 2025 பிப்ரவரி 5 டிராவில் கனடா அனுபவப் பிரிவுக்கே கட் ஆஃப் 521. அதோடு, 2023 முதல் பிரிவு வாரியாக அழைக்கும் முறை வந்துவிட்டது. பிரெஞ்சு தெரிந்தவர்கள், மருத்துவத் துறையினர், கைத்தொழில் செய்பவர்கள் என்று தனித்தனியாக எடுக்கிறார்கள். ஒரே வரிசை இப்போது பல வரிசையாகிவிட்டது. நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பது மதிப்பெண்ணுக்குச் சமமான கேள்வி.

உங்களுக்கு ஏற்றதாக எனக்குத் தெரிவது இரண்டு வாசல். ஒன்று மாகாண நாமினேஷன், அதாவது ஒரு மாகாணமே உங்களைப் பரிந்துரைப்பது, அதற்கு ஒரே அடியாக 600. மாகாணங்களின் டிராவில் கட் ஆஃப் 700-க்கு மேல் இருப்பதைப் பார்த்து மிரளாதீர்கள், அந்த 600-ம் சேர்ந்த எண் அது. சில மாகாணங்கள் பூலில் தாங்களே தேடி ஆள் பிடிக்கும், ஆகவே ப்ரொஃபைலில் மாகாண விருப்பத்தைக் காலியாக விடாதீர்கள். மற்றது பிரெஞ்சு. 2025 மார்ச் 21 அன்று பிரெஞ்சுப் பிரிவில் கட் ஆஃப் 379. இப்போது நீங்கள் வைத்திருப்பது 375. எவ்வளவு பக்கம் பாருங்கள். நான்கு பகுதியிலும் என்.சி.எல்.சி. (பிரெஞ்சுக்கான சி.எல்.பி.) 7 எடுத்தால் கூடுதலாக 50, இரண்டாம் மொழிக்கு 12, அந்தப் பிரிவுக்கே தகுதியும் கிடைக்கும். மூன்றில் 7, ஒன்றில் 6 என்றால் 50-ம் இல்லை, பிரிவும் இல்லை. 7 என்பது பி2, அதாவது மேல் இடைநிலை. அகரத்திலிருந்து தொடங்கினால் தினமும் படித்தாலும் ஒரு வருடம் ஓடிவிடும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மதிப்பெண் வாங்கித் தருகிறோம் என்று மூன்று மாத வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆற்றுமணல்:

மனம் தெளிந்தது. ரைட்டிங்கை முதலில் முடிக்கிறேன், கணவருக்கு ஈ.சி.ஏ.-வும் தேர்வும் கூடவே நடக்கட்டும், பிரெஞ்சைப் பற்றி இருவரும் பேசி முடிவெடுக்கிறோம். ஆஸ்திரேலியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: குயில்மொழி

பார்க்கலாம். அங்கே தகுதி 65. ஆனால் அதுவும் உள்ளே நுழையத்தான், அழைப்பு மேலே இருப்பவர்களுக்கே முதலில் போகும். உங்களுக்கு வயதுக்கு 30, படிப்புக்கு 15, அனுபவத்துக்கு 5. ஆங்கிலத்தில் நான்கிலும் 7 இல்லாததால் பூஜ்யம். அதே ரைட்டிங் அங்கேயும் குறுக்கே நிற்கிறது. அது 7 ஆனால் 10 கிடைத்து 60. கணவருக்கு ஆங்கிலமும் தொழில் மதிப்பீடும் சரியாக வந்தால் இன்னொரு 10. மாநில நாமினேஷன் 190 என்ற நிரந்தர விசாவுக்கு 5 தரும், 491 என்ற தற்காலிகப் பிராந்திய விசாவுக்கு 15. முக்கியமான வித்தியாசம் வயதில். கனடாவில் முப்பதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், உங்களுக்கு 32 ஆனதும் 5 போகும். அங்கே 33 ஆகும்வரை 30 அப்படியே நிற்கும், அன்று 25 ஆகும். கணக்காளர் தொழில் என்பதால் அங்கே முதலில் தொழில் மதிப்பீட்டுக்கே தனி வேலை இருக்கிறது, பட்டத்தின் பாடங்களைத் துருவிப் பார்ப்பார்கள்.

ஆற்றுமணல்:

கடைசியாக ஒன்று. புதிய மதிப்பெண் வந்ததும் இந்த ப்ரொஃபைலை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதா, இதையே திருத்துவதா?

பதில்: நெடுவழி

திருத்துங்கள், நீக்க வேண்டாம். கட் ஆஃபில் பலர் ஒரே மதிப்பெண்ணில் இருந்தால், ப்ரொஃபைலை முதலில் சமர்ப்பித்தவருக்கே முன்னுரிமை. தேதியும் நேரமும் பார்ப்பார்கள். திருத்தினால் அந்தப் பழைய தேதி அப்படியே இருக்கும், நீக்கிவிட்டுப் போட்டால் கடைசிக்குப் போவீர்கள். ப்ரொஃபைலின் ஆயுள் 12 மாதம், எப்போது முடிகிறது என்று குறித்து வையுங்கள். மொழித் தேர்வு முடிவு இரண்டு வருடம், ஈ.சி.ஏ. ஐந்து வருடம் செல்லும். அழைப்பு வந்த பிறகு விண்ணப்பிக்க 60 நாள்தான், அதனால் வேலை செய்த இடத்திலிருந்து பணிகளை விவரித்த அனுபவக் கடிதத்தை இப்போதே கேட்டு வாங்கத் தொடங்குங்கள். பதவிப் பெயர் மட்டும் போட்ட கடிதம் செல்லாது. என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.