உதவி: பாய்ப்படகுக்கு டிங்கி, ரப்பரா பைபரா? (அவசரம்)

கல்குடாக்காரன்
முதலாளி ஒரு பாய்ப்படகு வாங்கியிருக்கார். இப்ப திருகோணமலையில நிக்குது, வாற மாசம் பாசிக்குடாவுக்குக் கொண்டு வாறம். படகுக்கும் கரைக்கும் போய்வர டிங்கி (சின்னத் துணைப்படகு) ஒண்டு வேணும். பாவிச்ச, காத்தடிக்கிற ரப்பர் போட் ஒண்டு விலைக்கு வந்திருக்கு, 2.7 மீற்றர். எஞ்சின் இருக்கு, யமஹா. எடுக்கலாமா, இல்ல பைபர் நல்லமா? நாளைக்குள்ள ஓம் இல்ல எண்டு சொல்ல வேணும்.

வாவிமகன்
தம்பி, பதில் சொல்ல இதில ஒண்டும் இல்லையே. படகு எத்தனை அடி? ஒரே நேரத்தில எத்தனை பேர் ஏறுவீங்க? கடலில ஓடக்குள்ள டிங்கி எங்க இருக்கும், தளத்துக்கு மேலயா, பின்னால கட்டி இழுக்கிறதா? எஞ்சின் எத்தனை குதிரை வலு, ஷாஃப்ட் (எஞ்சின் கால்) ஷோர்ட்டா லோங்கா? ரப்பர் எண்டுறது என்ன துணி, பிவிசியா ஹைபலோனா?

கப்டன் வாடை
யமஹாவில 2 குதிரையும் இருக்கு, 300 குதிரையும் இருக்கு. வைத்தியரிட்ட போய் "நோகுது, மருந்து தாங்க" எண்டு மட்டும் சொல்ற கதை. இதே கேள்விக்கு எத்தனை தரம் பதில் எழுதியாச்சு, தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்ல.

மருதமுனைக் காக்கா
ரப்பரே வேணாம் தம்பி. நம்மட வெயிலுக்கு அது தாங்காது. 8 அடியில பைபர் ஒண்டு பட்டறையில சொல்லிச் செய்விங்க. கல்லில உரசினாலும் ஒரு கீறல்தான், ரெசினும் பைபர் மெட்டும் வச்சு அரை நாளில ஒட்டலாம். எண்ணெய் சிந்தினா ஒண்டும் ஆகாது. துடுப்புப் போட்டா நேரா ஓடும். ஒண்டு மட்டும் கவனம்: சீட்டுக்குக் கீழ போம் அடைச்சு மூடச் சொல்லுங்க. வெறும் பைபர் தண்ணி நிரம்பினா எஞ்சினையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போயிரும்.

வாவிமகன்
காக்கா, மீன்பிடிக்கு 18 அடி பைபர் சரி. 8 அடி வேற சாமான். ஓரத்தில ஒராள் காலை வச்சா மற்றப் பக்கம் தூக்கும், படகில இருந்து இறங்குற ஆளுக்கு அதுதான் ஆபத்து. சின்னப் போட்டுக்கு ஆள் கணக்கு, நீளத்தை அகலத்தால (அடியில) பெருக்கி 15 ஆல பிரிக்கிறது. 8 அடிக்கு 4 அடி எண்டா இரண்டு பேர்தான். இரவில படகின் பக்கத்தில கிடந்து பெயின்டையும் இடிச்சுக்கொண்டே இருக்கும். ரப்பர் ரியூப் ரெண்டு பக்கமும் மிதக்கிறதால ஆள் ஏறி இறங்கினாலும் ஆடாது.

துடுப்பு விஷயத்தில நீங்க சொல்றது சரி. ரப்பர் போட் காத்துக்கு எதிரா துடுப்பில முன்னுக்குப் போகாது. இங்க அது சின்ன விஷயம் இல்ல. கச்சான் தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. எஞ்சின் நிண்டா டிங்கி கரைக்கு ஒதுங்காது, வெளிக்கடலுக்குத்தான் போகும். ரப்பர் எடுத்தா 3 கிலோ நங்கூரமும் 30 மீற்றர் கயிறும் எப்பவும் உள்ள கிடக்க வேணும். நிண்ட உடனே நங்கூரத்தைப் போடுங்க, பிறகு எஞ்சினைப் பாருங்க.

கல்குடாக்காரன்
படகு 34 அடி. நாலு பேர், சாமானும் வரும். எஞ்சின் 9.9 மண்ணெண்ணெய். ஷாஃப்ட் தெரியாது. டேவிட் (டிங்கியைப் படகின் பின்னால தூக்கித் தொங்க விடுற கம்பி) இல்ல. ரப்பர் என்ன வகையெண்டு விக்கிறவருக்கும் தெரியாது, சாம்பல் நிறம்.

பொத்துவில் அலை
நிறத்தில ஒண்டும் தெரியாது. மறைவான இடத்தில சின்னதா நைஸ் மண்கடதாசி போட்டுப் பாருங்க. ஹைபலோன் எண்டா துணியின் நிறத்தில தூள் வரும். பிவிசி தூள் விடாது, வழுக்கி மினுங்கும். பிவிசி கூடாது எண்டில்ல, ஆனா வெயிலில கிடந்த பழைய பிவிசிக்கு முதலில போறது துணி இல்ல, பொருத்து. எஞ்சின் பலகை ரியூபோட சேர்ற இடத்தை நகத்தால கெளப்பிப் பாருங்க. பசை தேன் மாதிரி ஒட்டுதெண்டா விடுங்க, ஒரு பொருத்து போனா மற்றதுகளும் வரிசையா வரும்.

காத்தடிச்சு ஒரு இரவு விடாம காசு குடுக்காதீங்க. பின்னேரம் சூட்டில அடிச்சா விடியக்குள்ள குளிருக்கே கொஞ்சம் தளரும், அதை ஓட்டை எண்டு நினைக்காதீங்க. ரெண்டு நேரமும் ஒரே சூட்டில பாருங்க, சோப்புத் தண்ணியை வால்வில முதல் பூசுங்க. ஓட்டை எண்டு சொல்றதில கனக்க வால்வின் வாசர்தான்.

ரியூபுக்குக் காத்தழுத்தம் 0.2 இலிருந்து 0.25 பார். காத்துத் தரை (காத்தடிச்சு விறைப்பாக்கிற அடித்தளம்) எண்டா 0.7, 0.8 வரும், போட்டில எழுதியிருக்கும். 0.22 இல நிக்கிற ரியூப் 30 பாகையில இருந்து 60 பாகைக்குச் சூடானா 0.34 க்குக் கிட்டப் போகும். பாசிக்குடா மணலில பகல் முழுக்க ஏத்தி வைக்கிறதெண்டா கொஞ்சம் காத்து விடுங்க, இல்லாட்டி துணியால மூடுங்க.

நாவலடி 20
போட்டை விடுங்க, எஞ்சின்தான் பிரச்சினை. கிளாம்ப் பலகையில உக்கார்ற இடத்தில இருந்து புரொப்பலருக்கு மேல இருக்கிற தட்டு வரைக்கும் அளங்க. 15 அங்குலம் எண்டா ஷோர்ட், 20 எண்டா லோங். மீன்பிடிப் போட்டில இருந்து கழட்டினதெண்டா பெரும்பாலும் லோங். சின்ன ரப்பர் போட்டின் பலகை 15 தான். தட்டு போட்டின் அடியில இருந்து ஒரு அங்குலம் கீழ நிண்டா போதும். லோங் மாட்டினா ஆறு அங்குலம் கீழ போகும். தண்ணி பின்னால எத்தும், ஓட்டம் வராது. பாசிக்குடா ஆழம் இல்லாத குடா, மற்றவன் ஓடுற இடத்தில நீங்க மணல் உழுவீங்க.

நிறையும் இருக்கு. அந்த எஞ்சின் 36 இலிருந்து 40 கிலோ. 2.7 போட்டின் தகட்டில குதிரை அளவும் எஞ்சின் நிறையும் போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. தனியா ஓட்டக்குள்ள பின்பக்கம் அமர்ந்து அணியம் தூக்கும், எதிர்க்காத்தில அப்படியே மல்லாக்கப் பிரட்டிவிடும்.

கப்டன் வாடை
மண்ணெண்ணெய் எஞ்சினை டிங்கிக்கு மாட்டுறவங்களைப் பார்த்தா சிரிப்புத்தான். அது பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, சூடாகின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. நிப்பாட்ட முதல் திரும்ப பெற்றோலுக்கு மாத்தி காபரேட்டரைக் கழுவ வேணும். கரைக்கும் படகுக்கும் ஐந்து நிமிச ஓட்டம். எப்ப சூடாகிறது, எப்ப மாத்துறது?

மருதமுனைக் காக்கா
கிழக்குக்கரை முழுக்க மண்ணெண்ணெயிலதான் ஓடுது கப்டன். அவங்க எல்லாரும் விசரன்களா? பெற்றோல் விலை தெரியுமா?

கப்டன் வாடை
அவங்க விடிய வெளிக்கிட்டா மணிக்கணக்கா ஓடுவாங்க. இவருக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் செலவாகாது. அரை லீற்றரில என்ன மிச்சம்? பிளக்கில கரி பிடிச்சு, கழட்டித் தேய்ச்சு, அதுக்குள்ள முதலாளி கரையில நிண்டு கத்துவார்.

மருதமுனைக் காக்கா
பிளக் கழுவத் தெரியாதவன் கடலுக்குப் போகக் கூடாது.

நாவலடி 20
ரெண்டு பேரும் தனி இழை போடுங்க. தம்பிக்கு: 6 குதிரை நாலு ஸ்ட்ரோக், 26 கிலோ மட்டில வரும், ஒராள் தூக்கலாம். நாலு பேரோட துள்ளி ஓடாது, மெதுவாத்தான் போகும், அந்தத் தூரத்துக்கு அது போதும். கில் சுவிட்ச் கயிறு (ஆள் விழுந்தா எஞ்சினை நிப்பாட்டுறது) கையில இல்லாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

வாவிமகன்
நாலு பேரும் சாமானும் எண்டா 2.7 இறுக்கம். மூணு பேர், இல்லாட்டி ரெண்டு தடவை. 3.1 எடுக்கிறதெண்டா பாய்மரத்துக்கும் நங்கூர வின்ஞ்சுக்கும் இடையில முதல்ல அளங்க, டேவிட் இல்லாத படகில கவிழ்த்து வைக்க வேற இடம் இல்ல. அங்க பிடிக்காட்டி காத்துத் தரை வகைதான் சரி, சுருட்டி லொக்கருக்குள்ள தள்ளலாம். அதில மணல் ரியூபுக்கும் தரைக்கும் நடுவில போயிருந்து உள்ளுக்கே தேய்க்கும், நல்ல தண்ணி ஊத்திக் கழுவிக்கொண்டே இருக்க வேணும்.

திருகோணமலையில இருந்து இழுத்துக்கொண்டு வராதீங்க. வரத்தான் வேணுமெண்டா எஞ்சினைக் கழட்டிப் படகில ஏத்துங்க. கைபிடிக் கயிற்றில கட்டாதீங்க, அணியத்துக்குக் கீழ இருக்கிற ரெண்டு வளையத்திலயும் போட்டுக் கவையாக் கட்டுங்க. மிதக்கிற பொலிப்புரொப்பிலீன் கயிறு எண்டா பின்னுக்கு வரக்குள்ள புரொப்பலரில சுத்தாது. டிங்கி ரெண்டாவது அலையின் பின்சரிவில இருக்கிற மாதிரி நீளத்தை விடுங்க.

எஞ்சினைத் தூக்க பூமில (பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கிற கிடைக்கம்பு) நாலுக்கு ஒண்டு கப்பி போடுங்க, 26 கிலோ கையில 8, 9 கிலோதான் தெரியும்.

பொத்துவில் அலை
ஓட்டை ஒட்டுற வேலை இருந்தா கச்சான் மாசத்தில, மத்தியானம் செய்யுங்க. வாடை ஈரத்தில ரெண்டு கலவைப் பசை பிடிக்காது. ஹைபலோனுக்கும் பிவிசிக்கும் பசை வேற வேற. ஒட்டினா ஒரு நாள் காத்தடிக்காம விடுங்க.

இந்தப் பக்கம் அறுகம்பேக்கு வந்தா கரை வேற மாதிரி. பெரிய அலைகள் கடந்த பிறகு ஒரு அலையின் முதுகில வாங்க, மணல் தட்ட முதல் எஞ்சினைத் தூக்குங்க. இறங்குறவர் போட்டுக்கும் கரைக்கும் நடுவில நிக்கக் கூடாது, அடுத்த அலை போட்டைக் காலில ஏத்தும்.

கல்குடாக்காரன்
அளந்தம். ஷாஃப்ட் 20. மண்கடதாசியில தூள் வரல்ல, பலகைப் பக்கம் பசை கையில ஒட்டுது. விட்டுட்டம். 6 குதிரை ஒண்டு சொல்லியிருக்காங்க, பாவிச்சது. நன்றி.

நாவலடி 20
பாக்கப் போகக்குள்ள கியர் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, வெள்ளையாக் கலங்கி வந்தா சீல் போயிட்டு. ஸ்டார்ட் பண்ணின உடனே சின்னத் துவாரத்தால தண்ணி சீறி வரவேணும். வராட்டி இம்பெல்லர் (தண்ணி இறைக்கிற சக்கரம்) போயிட்டு. அது மலிவு, ஆனா அப்படியே ஓட்டியிருந்தா சிலிண்டர் சூடாகியிருக்கும், அந்தக் காசுக்கு எடுக்காதீங்க. போட் எதெண்டு முடிவாச்சா?

மருதமுனைக் காக்கா
தம்பி, அந்த 9.9 ஐ விக்கிறதெண்டா முதல்ல எனக்குச் சொல்லுங்க.