நான்காம் தரத்து மழைமானியும் வியாழக்கிழமை அந்தியேட்டியும்

ஞாயிறு (குடும்பச் செய்திக் குழுவில்)

காரைதீவுச் சின்னம்மா: வியாழக்கிழமை அம்மாவின் மறைவுக்கான அந்தியேட்டிக் கிரியை. வீட்டில் வேலைக்கு ஆள் போதாது. வதனி நாளைக்கே யாழினியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

வதனி: நான் வருவதில் ஒரு தடையும் இல்லை, சின்னம்மா. யாழினிக்குத்தான் இந்தக் கிழமை வகுப்பில் பொறுப்பு இருக்கிறது. மழைமானி பார்க்கும் குழுவுக்கு அவளைத் தலைவியாக விட்டிருக்கிறார்கள்.

சின்ன மாமா தோஹா: நான்காம் தரத்துப் பிள்ளைக்கு அப்படி என்ன பொறுப்பு?

மாமி: கேட்டுவிட்டீர்களே. இனி உங்கள் அண்ணன் கண்ணாடியைத் தேடி எடுப்பார்.

பெரிய மாமா: வகுப்பாசிரியை அனுப்பிய கிழமைத் திட்டத்தை வதனி எனக்குக் காட்டினாள். முப்பது வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நல்ல திட்டம். வடகீழ் மழை இன்னும் ஓயாத நாட்களைப் பார்த்து, சுற்றாடல் பாடத்து மழையையும் கணிதப் பாடத்து அளவைகளையும் அந்த ஆசிரியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். மழைமானிக்கென்று மாணவர்கள் வெறும் சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாகச் செருகியிருக்கிறார்கள். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கிருந்து அளக்க முடியாது. ஆகவே சிறு கற்களைப் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம் வரை நீர் ஊற்றி, அந்த நீர்மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அதிலிருந்து மேலே மில்லிமீற்றர்த் தாளை ஒட்டியிருக்கிறார்கள். தினமும் காலை 8.30க்கு வாசிப்பு எடுக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களமும் 24 மணித்தியால மழைவீழ்ச்சியைக் காலை 8.30 வரைக்கும்தான் கணக்கிடுகிறது. ஒரு நாள் பார்க்காமல் விட்டால் இரண்டு நாள் மழை ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை.

சின்ன மாமா தோஹா: விளங்கியது.

ரமணி மச்சாள்: எனக்கு விளங்கவில்லை. அப்பா, அகலமான போத்தல் என்றால் கூடுதல் மழை காட்டாதா?

பெரிய மாமா: காட்டாது. வாய் அகலமானால் கூடுதல் நீர் விழும் என்பது சரி, ஆனால் விழுந்த நீர் பரவும் இடமும் அதே அளவு அகலும், உயரம் மாறாது. அதனால்தான் மழையை லீற்றரில் சொல்லாமல் மில்லிமீற்றரில் சொல்கிறோம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லீற்றர் நீர்.

காரைதீவுச் சின்னம்மா: அண்ணா, நான் கேட்டது வதனி நாளைக்கு வருவாளா என்று.

திங்கள்

வதனி: இன்று வரவில்லை, சின்னம்மா, குறை நினைக்க வேண்டாம். காலையில் 9 மில்லிமீற்றர் இருந்ததாம். ஒரு பையன் நின்றபடி மேலிருந்து பார்த்து 11 என்று சத்தமிட்டானாம். ஆசிரியை அவனைத் திருத்தாமல், எல்லோரையும் ஈர மணலில் முழங்காலிட்டுக் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்கச் சொன்னாராம். மூன்று பேர் தனித்தனியே பார்த்து 9 என்ற பிறகுதான் யாழினி கொப்பியில் எழுதியிருக்கிறாள். வெள்ளைச் சட்டையின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமி: ஊறப் போடு. உடனே தேய்க்காதே.

காரைதீவுச் சின்னம்மா: தமிழ்ப் பாடம் ஒன்றும் நடக்கவில்லையா?

வதனி: நடக்கிறது. இந்தக் கிழமை விபுலானந்த அடிகளைப் பற்றிய வாசிப்பு. அதில் ஐந்து வசனம் சொந்தமாக எழுத வேண்டும். சிங்களத்தில் கிழமை நாட்களின் பெயர்கள், ஆங்கிலத்தில் காலநிலைச் சொற்கள்.

காரைதீவுச் சின்னம்மா: விபுலானந்தர் பிறந்த ஊருக்குத்தானே நான் பிள்ளையைக் கூப்பிடுகிறேன்? இங்கே வந்தால் அது பாடம் இல்லையா?

சின்ன மாமா தோஹா: அக்கா வென்றுவிட்டார்.

பெரிய மாமா: தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மயில்வாகனன் என்ற பெயரோடு 1892இல் காரைதீவில் பிறந்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அவர் எழுதிய யாழ்நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். சமாதி கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்தா வித்தியாலயத்தில் இருக்கிறது. ஆரையம்பதியில் இருக்கிற பிள்ளைக்குக் கல்லடி கிட்ட. காரைதீவைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதை அந்தியேட்டி நாளில் யார் கூட்டிச்சென்று காட்டுவது?

மாமி: கொள்ளி வைத்தவர் காட்ட முடியாது. அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வதனி: என்னுடைய ஐந்தாம் தரத்தில் சின்னம்மாவின் கல்யாணத்துக்கென்று இரண்டு கிழமை காரைதீவில் நின்றதும், புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். யாழினிக்கு அடுத்த வருடம் அந்தப் பரீட்சை.

காரைதீவுச் சின்னம்மா: அந்த மூன்று புள்ளியை நான்தான் எடுத்து வைத்திருப்பதுபோல இன்னும் எத்தனை வருடம் சொல்வாய், மகள்?

சுதன் மச்சான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

ரமணி மச்சாள்: தம்பி, நான் வாசித்துவிட்டேன். வயல் கதையை இங்கே எடுக்க வேண்டாம்.

சின்ன மாமா தோஹா: பந்தல் செலவில் என் பங்கை அனுப்பிவிட்டேன்.

பெரிய மாமா: பணம் வந்தது.

செவ்வாய்

காரைதீவுச் சின்னம்மா: பந்தல் போட்டாயிற்று. மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. அண்ணா, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்றீர்களே, என் பந்தலில் எவ்வளவு விழும்?

பெரிய மாமா: நீளம் அகலம் சொல்.

காரைதீவுச் சின்னம்மா: பந்தல்காரர் ஆறு மீற்றர், ஐந்து மீற்றர் என்றார்.

வதனி: இதை யாழினியிடமே கொடுத்தேன். பரப்பளவு அவளுக்கு இன்னும் படிப்பிக்கவில்லை. சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டம் ஒரு மீற்றர் என்று வைத்து, ஆறு கட்டம் ஐந்து வரிசை வரைந்து, ஒவ்வொன்றாக எண்ணி முப்பது என்றாள். இன்று காலை வாசிப்பு 14 மில்லிமீற்றர். முப்பது கட்டத்திலும் 14, 14 என்று எழுதி, வரிசை வரிசையாகக் கூட்டி, 420 லீற்றர் என்று கொண்டுவந்தாள். மில்லிமீற்றருக்கும் மில்லிலீற்றருக்கும் ஒரு தரம் மாறாடினாள், பிறகு தானே அழித்து எழுதினாள்.

பெரிய மாமா: விடை சரி. பெருக்கச் சொல்லிக் கொடுத்துவிடாதே, வதனி. இரண்டு நாள் அவள் எண்ணட்டும். பெருக்கல் எதற்கென்று அவளுக்கே தெரிய வரும். மழை காற்றோடு சாய்ந்து அடித்தால் கணக்குச் சற்றுப் பிசகும் என்பதையும் சொல்லி வை.

சின்ன மாமா தோஹா: 420 லீற்றரா? படங்கு தாங்குமா?

காரைதீவுச் சின்னம்மா: அதைத்தான் நானும் யோசிக்கிறேன். நடுவில் தொய்ந்து நிற்கிறது. படங்கைச் சரிவாக இழுத்துக் கட்டி, பின்பக்கம் வாய்க்கால் வெட்டச் சொல்கிறேன். சமையல் அடுப்பு அந்தப் பக்கம்தான்.

மாமி: பூட்டப்பிள்ளை கணக்குப் பார்த்துத்தான் உங்களுக்கு வாய்க்கால் நினைவு வந்தது.

காரைதீவுச் சின்னம்மா: சரி, பிள்ளை படிக்கட்டும். புதன்கிழமை பாடசாலை விட்டதும் வந்தால் போதும்.

வதனி: நன்றி, சின்னம்மா. வியாழக்கிழமை வாசிப்பை அவளுடைய குழுவில் இன்னொரு பிள்ளை எடுக்க ஆசிரியை சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஐந்து நாள் வாசிப்பையும் வைத்துக் கட்ட வரைபு வரைகிறார்கள். அந்த நேரம் தானும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று யாழினி அழுகிறாள். வியாழன் பூசையும் சாப்பாடும் முடிந்து இரவே திரும்ப முடியுமா?

ரமணி மச்சாள்: மழையில் இரவுப் பயணம் வேண்டாம். வெள்ளி விடியக் கல்முனையில் பேருந்து எடுக்கலாம்.

பெரிய மாமா: விடிய எடுத்தால் 8.30க்கு ஆரையம்பதியில் நிற்கலாம், தாமதம் இல்லையென்றால். ஆனால் வியாழன் இரவு அம்மாவின் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருப்பது இனி எப்போது என்றும் நினைக்க வேண்டியிருக்கிறது.

சின்ன மாமா தோஹா: எல்லோரும் இல்லை, அண்ணா.

காரைதீவுச் சின்னம்மா: வீடியோவில் வா, தம்பி. பூசை பத்து மணிக்கு.

வதனி: சுதன், புதன் இரண்டு மணிக்கு உன் வான் வருமா?

சுதன் மச்சான்: பின்சில்லு மாற்றக் கொடுத்திருக்கிறேன், மச்சாள். இரண்டு மணி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாளைக் காலை உறுதியாகச் சொல்கிறேன். வெள்ளி விடிய வரச் சொல்வீர்களானால் அதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

வதனி: அப்படியானால் வியாழனுக்கு மட்டும் லீவுக் கடிதம் எழுதுகிறேன். வெள்ளியைப் பிறகு பார்ப்போம்.