கண் சிமிட்டாத ஹவில்தார்: பட்டாளத்துலேர்ந்து வந்தவங்களும் மனச்சோர்வும், நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

காட்பாடி இ-சேவை:
டிசம்பர் பென்ஷன் வரலைன்னு ஒரு ஹவில்தாரை அவர் வீட்டம்மா பாஸ்புக்கோட கூட்டிட்டு வந்தாங்க. விஷயம் சின்னதுதான், நவம்பர்ல உயிர்ச் சான்று போடல. ஜீவன் பிரமாண் முக ஆப்பைத் திறந்து போனை நீட்டினா, கண் சிமிட்டச் சொல்லுது. அவர் சிமிட்டல. கேமராவையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். மூணு தடவை ஆப் தானா மூடிக்கிச்சு. "ஏங்க, கண்ணை மூடித் திறங்க"ன்னு அந்தம்மா கெஞ்சுறாங்க. காதுலயே விழல.

நின்ன பென்ஷன் எங்கயும் போயிடாது, ராணுவப் பென்ஷன் தளமான ஸ்பர்ஷ்ல சான்று ஏறினதும் அரியரோட வரும். ஆனா வருஷா வருஷம் முதல் ஆளா வந்து போட்டவர் ஒரு வருஷம் விட்டுட்டா, வயசாச்சு, மறந்துட்டார்னு விட்றாதீங்க. "மனசு சரியில்ல"ன்னு இவங்க வாயில வராது. இடுப்பு வலிம்பாங்க, பசியில்லம்பாங்க. விடியக்காலை மூணு மணிக்கு முழிச்சு உட்கார்ந்திருப்பாங்க. இது ரெண்டு வாரம் தாண்டினா டாக்டர்கிட்ட காட்டணும்.

பலமநேர் ரோடு:
எல்லாத்துக்கும் குடிதான் காரணம். சரக்கு வாங்குற மிலிட்டரி கேன்டீன் கார்டைப் பிடுங்கிட்டு நாலு நாள் ரூம்ல போட்டுப் பூட்டினா தெளிஞ்சுடும். எங்க தெரு சுபேதாருக்கு அப்படித்தான் பண்ணாங்க.

நைட் டியூட்டி:
பலமநேர் ரோடு, இதைத் தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. பேரணாம்பட்டு பஸ்ல ஒருத்தர் சட்டையில இல்லாத எறும்பைத் தட்டிட்டே வந்தார். பக்கத்துல இருந்த பையன் சிரிச்சான். "குடியை விட்டு இன்னிக்கு மூணாவது நாள்"னு கூட வந்த அவர் அண்ணன் பெருமையா சொல்றார்! நேரா ஆஸ்பத்திரியில இறக்க வேண்டிய கேஸ் அது.

தினமும் நிறைய குடிச்சவர் சட்டுனு நிறுத்தினா சில மணி நேரத்துல கை நடுங்கும், வேர்க்கும். முதல் 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது மூணாவது நாள் இடம் நேரம் தெரியாம உளறல், இல்லாதது கண்ணுக்குத் தெரியறது. இது உயிரை எடுக்கும். பூட்டின ரூம்ல வலிப்பு வந்தா யார் பார்ப்பா? டாக்டர் பார்வையில, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துக் குறைச்சுட்டே வரணும். தயமின், அதாவது பி1, ஊசி போடுவாங்க. பலவீனமா இருக்கார்னு அதுக்கு முன்னாடி வெறும் குளுக்கோஸ் ஏத்திட்டா மூளைக்கே ஆபத்து.

காரணம் குடியா சோர்வான்னு முதல் நாளே சண்டை போட்டுப் பிரயோஜனமில்ல. குடி நின்னு ரெண்டு மூணு வாரம் கழிச்சும் சோர்வு அப்படியே இருந்தா அதுக்குத் தனி வைத்தியம்.

இன்னொண்ணு, யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன். பேங்க் காவலுக்குப் போறவங்க நிறைய பேர் வீட்ல லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. ஆள் சரியில்லன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலயோ ஒப்படைச்சு ரசீது வாங்கணும். லைசென்ஸ் போயிடாது. "சாகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க. கேட்கறதால அந்த எண்ணம் வராது. அரசோட மனநல உதவி எண் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

மருந்து கவுன்ட்டர்:
பட்டாளத்துல நாயக்கா இருந்த ஒருத்தர் "இது வேலைக்காகல"ன்னு, மனச்சோர்வுக்குக் கொடுக்கற எஸ்சிடாலோபிராம் மாத்திரை அட்டையை மேஜையில வச்சார். பத்துல நாலு காலி, ஆறு அப்படியே. முந்தின மாசம் வெள்ளை, இந்த மாசம் ரோஸ், கம்பெனி மாறியிருக்கு. வேற மருந்துன்னு நினைச்சு நிறுத்திட்டார். அட்டையில மருந்துப் பேரும் மில்லிகிராமும் ஒண்ணா இருக்கான்னு பார்த்தா போதும்.

முதல் வாரம் குமட்டும், படபடக்கும். பலன் தெரிய ரெண்டுலேர்ந்து நாலு வாரம், முழுசா தெரிய ஆறு வாரம்கூட ஆகும். நல்லாயிட்ட பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் சாப்பிடணும். திடீர்னு விட்டா தலைசுத்தும், தலைக்குள்ள கரன்ட் அடிச்ச மாதிரி இருக்கும். அறுபது தாண்டினவர் பிபிக்கு நீர் மாத்திரையும் சாப்பிட்டா சோடியம் இறங்கித் தள்ளாடலாம், ரத்தத்துல பார்க்கணும். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் கூடச் சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வரலாம்.

கிறிஸ்டியான்பேட்டை:
முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தோட பாலிகிளினிக் வரிசையில ரெண்டு மணி நேரம் நின்ன சிஆர்பிஎஃப்காரர் முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. இசிஎச்எஸ் கார்டு முக்கியமா முப்படைக்குத்தான், சிஆர்பிஎஃப்புக்குக் கிடையாது. "நானும் காஷ்மீர்ல இருந்தவன்தான்"னு ஒரு வார்த்தை, திரும்பிப் போயிட்டார். அவங்க மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் பார்க்கணும். எந்தக் கார்டும் இல்லன்னா அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில மனநல ஓபி எல்லாருக்கும் உண்டு.

சர்வீஸ்ல இருக்கும்போதே ராணுவ மருத்துவத் தகுதித் தரமான ஷேப்ல, மனநலத்தைக் குறிக்கிற 'எஸ்' இறங்கி வெளிய வந்தவங்க ரிலீஸ் மெடிக்கல் போர்டு காகிதத்தைத் தொலைச்சுடாதீங்க. சேரும்போது நோய் இருந்ததா குறிப்பு இல்லன்னா, அது சர்வீஸால வந்ததுன்னுதான் முதல்ல எடுத்துக்கணும். 2013ல தரம்வீர் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஊனப் பென்ஷன் கேட்கும்போது அதைக் காட்டிக் கேட்கலாம்.

பலமநேர் ரோடு:
சரிங்க, ரூம் விஷயம் வாபஸ். அந்த ஹவில்தார் கடைசியா சிமிட்டினாரா இல்லையா?

காட்பாடி இ-சேவை:
இல்லீங்க. கைரேகை மெஷினை எடுத்தோம். ரேகையும் தேஞ்சு போயிருந்துச்சு, அந்தம்மா விரலைத் துடைச்சுத் துடைச்சு வச்சாங்க. இடது மோதிர விரல்தான் எடுத்துச்சு.