போட்டிக்காரரோடு சேர்ந்து டெண்டர் போடலாமா?

குழாய்க்காரன்: குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கு டெண்டர் வந்திருக்கிறது. கேட்கிற டர்ன்ஓவர் எனக்கும் இல்லை, எப்போதும் என்னோடு மோதுகிறவருக்கும் இல்லை. சேர்ந்து போட்டால் கூட்டுச்சதி என்று மாட்டிக்கொள்வோமா?

ஒப்பந்தம்_72: டெண்டர் ஆவணத்தில் ஜேவிக்கு, அதாவது இருவர் கூட்டாகச் சேர்ந்து போடுவதற்கு, அனுமதி உண்டா, முதலில் அதைப் பாருங்கள் அண்ணே. இருந்தால், வெளிப்படையாக ஒரே விலைப்புள்ளி கொடுப்பதில் தப்பில்லை. ஆளுக்கொன்றாகப் போட்டுவிட்டு, 'நீ ஏற்றிப் போடு, நான் குறைக்கிறேன்' என்று பேசிக்கொள்வதுதான் 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் மாட்டும்.

பழைய சிமெண்ட்: அது சரி, ஆனால் பொறுப்பு பெரும்பாலும் இருவருக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் இருக்கும்; ஒருவர் கைவிட்டால் முழுச் சுமையும் மற்றவர் தலையில்தான். என் கூட்டாளி பாதி வேலையில் பொக்லைனை ஓட்டிக்கொண்டு போய்விட்டார், போனது வேலைக்கு ஈடாக நான் கொடுத்திருந்த பேங்க் கேரண்டி! யார் பங்கு எவ்வளவு, பில் பணம் எந்தக் கணக்கில் விழும், எல்லாம் முன்னாடியே முத்திரைத்தாளில் எழுதுங்கள்.

குழாய்க்காரன்: இங்கேயும் பொக்லைன் அவருடையதுதான். யோசிக்கிறேன்.