உப்புக்காற்றில் ரைஃபிளுக்கு எது தாங்கும்: எண்ணெயா, கொழுப்பா, மெழுகா?

டோட்டிக்காரன்:
தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி, அமான்சிம்டோட்டியிலிருந்து டொங்காட் வரை கரையோரம் ரைஃபிள் வைத்திருக்கிறவர்களுக்கு என் சிபாரிசு லானோலின்தான். செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. ஒட்டினால் வழியாது, லேசில் காயாது. டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 1953-ல் நீரை விரட்டுவதற்காக உருவானது. பாதிக்கு மேல் கரைப்பான், அது பறந்துபோனபின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். டர்பனின் ஜனவரி ஈரத்துக்கு அது எந்த மூலைக்கு? இணையத்தில் சுற்றுகிற ஆணிச் சோதனைப் படங்களைப் பாருங்கள், உப்புத்தண்ணீர் தெளித்தபின் சுத்தமாக நிற்பது கெட்டியான பூச்சு போட்ட ஆணிகள்தான்.

பீனிக்ஸ் பட்டறை:
அண்ணே, ஆணியை வைத்து ரைஃபிளுக்குத் தீர்ப்பு எழுதாதீங்க. கடை ஆணியில் பாதி துத்தநாகம் பூசினது. பூசாததிலும் ஆலை எண்ணெய் ஒட்டியிருக்கும். அசிட்டோனில் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தபின்தான் வெறும் இரும்பு வெளியே வரும். அதைச் செய்யாத படம் எதையும் நிரூபிக்கவில்லை.

இன்னொன்று, ஏஎஸ்டிஎம் பி117 போன்ற ஆய்வகத் துருச் சோதனையில் 5% உப்புக் கரைசலை 35 டிகிரியில் ஓயாமல் தெளிக்கிறார்கள். துப்பாக்கி வைக்கிற உங்க இரும்புப் பெட்டகத்துக்குள் (சேஃப்) யாரும் உப்புத்தண்ணீர் தெளிக்கிறதில்லை. அங்கே துரு பிடிப்பது கைரேகையில், எண்ணெய்க்கு அடியில் சிக்கின உப்பில், வியர்க்கிற இரும்பில். அந்தப் போட்டியில் கெட்டிப்பூச்சு ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

டோட்டிக்காரன்:
எண்ணெய்க்கு அடியில் உப்பா? எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பும் சேர்ந்து வந்துவிடாதா தம்பி?

பீனிக்ஸ் பட்டறை:
வராது. உப்பு எண்ணெயில் கரையாது. வியர்வை உப்பின் மேல் லானோலின் பூசினால் உப்பைப் பத்திரமாக மூடிவைத்த மாதிரிதான். சாப்பாட்டு உப்பு 75% ஈரப்பதத்தில் தானே கசிந்து தண்ணீராகும், கடல் உப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33% போதும். எந்தப் பூச்சுக்கும் முன்னால் தண்ணீர்தான் மருந்து:

பிழிந்த ஈரத்துணியால் வெளிப்பக்கம் முழுக்கத் துடை. உலர்ந்த துணியால் உடனே ஒற்றியெடு. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மவுண்டின் அடி, பேரலுக்கும் பின்கட்டைக்கும் நடுவிலுள்ள இடுக்கு, தோள்வார் மாட்டுகிற ஸ்லிங் கொக்கி, இந்த மூன்றும்தான் எல்லாரும் விடுகிற இடம். ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டி ஈரத்தை ஓட்டியபின் பூசு. தண்ணீருக்குப் பயந்தால் பாலிஸ்டால் என்கிற எண்ணெயை எடுங்க. அது தண்ணீரோடு பால் மாதிரி கலக்கும், உப்பையும் கொஞ்சம் தூக்கும்.

பழைய .303 ராணுவத் தோட்டா சுடுகிறவர்களுக்கு இது கட்டாயம். அந்தக் காலத்து ப்ரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டுகிற மருந்து) பொட்டாசியம் குளோரைடைக் குழலுக்குள் விட்டுப்போகும், அதுவும் உப்புதான். சேம்பர் (தோட்டா உட்காருகிற அறை) பக்கம் புனல் வைத்து ஒரு லிட்டர் கொதிநீர் ஊற்றிவிட்டு, உலர்த்தி, அப்புறம் எண்ணெய். எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெயும் அந்தத் தண்ணீரின் வேலையைச் செய்யாது.

மாரிட்ஸ்பர்க் மாமா:
இரண்டு பேரும் கையை மறந்துவிட்டீர்கள். எண்ணெய் பூசின ரைஃபிளைப் பத்து முறை கையில் எடுத்தால் பிடிக்கிற இடத்தில் எண்ணெய் இருக்காது. இரும்பின் நீலப்பூச்சு (ப்ளூயிங்) தானாக ஒன்றையும் காக்காது, ஓரிரு மைக்ரான் கருப்பு ஆக்சைடு, எண்ணெயைப் பிடித்துவைக்கத்தான் உதவும். வெளிப்பக்கத்துக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு போடுங்கள். பிரிட்டிஷ் மியூசியம் பழம்பொருட்களுக்கென்று உருவாக்கின வகை. பட்டாணி அளவு எடுத்து, மெல்லிசாகத் தேய்த்து, கரைப்பான் பறந்ததும் பாலிஷ் போட்டு, மறுநாள் இன்னொரு கோட். தூசி ஒட்டாது, கையில் பிசுபிசுக்காது.

பீனிக்ஸ் பட்டறை:
வெளிப்பக்கத்துக்கு ஒப்புக்கொள்கிறேன் மாமா. ஆனால் ஸ்க்ரூ தலையிலும் எழுத்து வெட்டின பள்ளத்திலும் மெழுகு சரியாக இறங்காது, துரு அங்கேதான் தொடங்கும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும், அதுவும் மெழுகு காய்ந்தபின். முன்னாடி விட்டால் மெழுகு ஒட்டாது.

டோட்டிக்காரன்:
அப்படியானால் லானோலினை முழுசாகத் தள்ளிவிடுகிறீர்களா? ஸ்டெயின்லெஸ் பேரலில்கூடப் புள்ளி விழுகிற ஊர் இது.

பீனிக்ஸ் பட்டறை:
விழத்தான் செய்யும். 416 ரக எஃகில் குரோமியம் 12–14%தான், கடைய எளிதாக இருக்க கந்தகம் வேறு சேர்த்திருப்பார்கள், அந்தக் கந்தகப் புள்ளியிலிருந்துதான் குழி ஆரம்பிக்கும்.

லானோலினைத் தள்ளவில்லை. ஆறு மாதம் தொடாமல் வைக்கிறதுக்கு அதைவிட நல்லது குறைவு. ஆனால் போல்ட்டுக்குள் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற, சுடும் ஊசி இருக்கிற பாகம்) போடாதீங்க. ஜூலைக் குளிர்காலத்தில் உள்நாட்டு வறண்ட கரூவுக்கு வேட்டைக்குப் போனால் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், கொழுப்பு கெட்டியாகும், சுடும் ஊசி மந்தமாக வந்து ப்ரைமரில் லேசாகத் தட்டும், தோட்டா வெடிக்காது. போல்ட்டைப் பிரித்து, பழைய பசையைக் கரைப்பானில் கழுவி, லேசான எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவே.

வெரூலம் புதுசு:
குழலுக்குள் கிரீஸ் இருந்தால் அப்படியே சுடலாமா?

மாரிட்ஸ்பர்க் மாமா:
கூடவே கூடாது. தோட்டா இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். அப்புறம் துணித்துண்டு உலர்ந்து வெளியே வருகிறவரை தள்ளுங்கள். குழலில் கிரீஸ் தங்கியிருந்தால் அழுத்தம் எகிறும், பேரல் வீங்கலாம், பிளக்கலாம். சேம்பரும் உலர்ந்திருக்க வேண்டும். தோட்டா மேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ப்ரைமருக்குள் எண்ணெய் இறங்கினால் கெட்டுவிடும்.

டோட்டிக்காரன்:
சரி, கரூவிலிருந்து திரும்பும்போது?

பீனிக்ஸ் பட்டறை:
டர்பனில் 25 டிகிரி, 80% ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகத் திரளுகிற சூடு, ஏறக்குறைய 21 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த ரைஃபிளை உறையிலிருந்து எடுத்தால் உடனே வியர்க்கும். மூடின உறையிலேயே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்க. அதுக்கப்புறம் உறையில் விடாதீங்க. ஸ்பாஞ்சும் தோலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

சேஃப் வெளிச்சுவரில் பதித்திருந்தால் கான்கிரீட்டிலிருந்து வருகிற ஈரமும் குளிர்ச்சியும் சேரும். சின்ன ஹீட்டர் ராடு உள்ளே 5 டிகிரி ஏற்றினாலே அந்த 80% ஏறக்குறைய 60-க்கு இறங்கும். சிலிக்கா ஜெல் மட்டும் போதும் என்பவர்கள் கதவு இடுக்கைப் பார்க்கட்டும். காற்று புகுந்தால் ஆரஞ்சு மணி சீக்கிரமே பச்சையாகும். 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு.

டோட்டிக்காரன்:
ராடு கடையில் கிடைக்கும், ஆனால் வயர் விட சேஃபில் துளை போட்டால் எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பு) முத்திரைக்கு என்ன ஆகும்? துப்பாக்கி உரிமம் அதை நம்பித்தான் இருக்கிறது. அதுவரை நான் லானோலின் கட்சிதான்.

மாரிட்ஸ்பர்க் மாமா:
துளை நீங்களே போடாதீர்கள். தொழிற்சாலையிலேயே வயர் துளை விட்ட மாடல் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் உள்ளே ஒரு ஈரமானி வைத்து, ஈரப்பதம் 50%-ஐத் தாண்டுகிற நாளிலெல்லாம் ஜெல்லை மாற்றுங்கள். லானோலின் பூசினாலும் ஈரத்துணி முதலில்.